விசா இல்லாத தாய், நாடு உள்ள பிள்ளை

லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களிடம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். மாத்தளையில் ரத்தோட்டை, எல்கடுவப் பக்கத்துத் தோட்டங்களில் அப்படிக் காகிதம் வைத்திருந்த குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும்? அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கோ தகப்பன் பிரஜையாக இருந்தாக வேண்டியிருந்தது. பெற்றவர்களிடம் இல்லாத காகிதம் பிள்ளையின் குற்றமாயிற்று. அந்தக் கணக்கு பெருமளவு தீர, இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அதே 2003இல் இன்னொரு திருத்தமும் நிறைவேறியது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய்வழியிலும் பிரஜாவுரிமை உண்டு என்றது அது. வளைகுடா வீடுகளுக்கு வேலைக்குப் போகும் மாத்தளைப் பெண்களுக்கு இது நேரடியாக உதவக்கூடியது, காகிதத்தில். அங்கே பல நாடுகளில் ‘கஃபாலா’ முறைப்படி விசா முதலாளியோடு கட்டப்பட்டது. அடி தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறினாலும் அவள் சட்டவிரோதக் குடியேறியாகிவிடக்கூடும். கடவுச்சீட்டு பெரும்பாலும் முதலாளியின் அலுமாரியில். பிள்ளை பிறந்தால் பதிவுக்குத் திருமணச் சான்று கேட்கும் நாடுகள் உண்டு. மணமாகாமல் கர்ப்பமானாலே சிறைக்குப் போக நேரும் இடங்களும் உண்டு. பயந்து அறைக்குள்ளேயே பெற்றுக்கொள்பவளிடம் ஆஸ்பத்திரித் துண்டு ஏது? அது இல்லாமல் பிறப்புச் சான்று பெறுவது கடினம். பிறப்புச் சான்று இல்லாமல் தூதரகத்தில் பதிவும் எளிதில்லை. நம் சட்டமோ ஒரு வருடத்துக்குள் பதியச் சொல்கிறது. தவறினால், காரணம் தகுந்தது என்று அமைச்சர் ஏற்க வேண்டும்.

சட்டத்தை மீறியவளுக்குச் சலுகையா என்று கேட்பார்கள். சலுகை யாரும் கேட்கவில்லை. தாய் இலங்கைப் பிரஜையா என்றுதான் நம் சட்டம் பார்க்கிறது. அவளுடைய விசா செல்லுமா என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 7ஆம் உறுப்புரையும் பெயரையும் நாட்டையும் பெறும் உரிமையைப் பிள்ளைக்கே தருகிறது.

அந்த ஒரு வருடக் கெடு இல்லாவிட்டால் யார் பிள்ளையையும் தன் பிள்ளை என்று கொண்டுவந்துவிடலாமே என்பது இதைவிடக் கனமான கேள்வி. பிள்ளைக் கடத்தல் கற்பனையல்ல. ஆனால் தாய்மையை நிரூபிக்க மரபணுப் பரிசோதனை இருக்கிறது. பொய்யைப் பிடிக்க நாட்காட்டியைவிட அது நம்பகமானது. கெடு இருந்துவிட்டுப் போகட்டும். ‘தகுந்த காரணம்’ எது என்பதை அமைச்சரின் மனதுக்கு விடாமல் சட்டத்திலேயே எழுதிவிடலாம்: கைதாகும் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாதது, கடவுச்சீட்டு முதலாளி கையில் இருந்தது, தாயும் பிள்ளையும் தடுப்பு முகாமில் கிடந்தது.