பழைய சர்வருக்கு ஒரு புதிய கெர்னல்

கூமாப்பட்டி கிராமத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் புகைந்துபோனால் யாரும் அதை எடைக்குப் போடுவதில்லை. காயில் கட்டி மறுபடி ஓட்டுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த சர்வர் கம்ப்யூட்டருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. "சப்போர்ட் முடிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் போதும், அது கழிவாகிவிடும். ப்ராசஸரும் மெமரியும் நன்றாகத்தான் இருக்கும். அவற்றை ஓட்டும் மென்பொருளை இனிப் பராமரிப்பதில்லை என்று எங்கோ ஒரு நிறுவனம் முடிவெடுத்திருக்கும், அவ்வளவுதான். அந்த முடிவுக்குக் கட்டுப்படாமல் இருக்க ஒரு வழி உண்டு: லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலை மூல நிரலிலிருந்து நாமே கம்பைல் செய்துகொள்வது. கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது இதைச் செய்து பார்த்திருக்க வேண்டும் என்பது என் வாதம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட முதல் லினக்ஸ் கெர்னல் சுமார் 10,000 வரிகள் கொண்டது. இன்று அது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள், அதாவது குறிப்பிட்ட ஒரு கார்டோடும் சிப்போடும் பேசத் தெரிந்த நிரல்கள். இந்தக் களஞ்சியத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதை நமக்காக லினக்ஸைத் தொகுத்துத் தரும் நிறுவனம் தீர்மானிக்கிறது. 2019-ல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, பழைய டிஸ்க் கார்டுகள் பலவற்றைக் கைவிட்டது. டெல் பவர்எட்ஜ் 2950 போன்ற சர்வர்களில் இருந்த பெர்க் 5, பெர்க் 6 கார்டுகளும் அவற்றில் அடக்கம். அந்த சர்வரில் புதிய பதிப்பை நிறுவப் போனால் டிஸ்க்கே கண்ணில் படாது. ஆனால் டோர்வால்ட்ஸ் தரப்பு வெளியிடும் மூலக் கெர்னலில் அதே டிரைவர் அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கம்பைல் செய்தவருக்கு அந்த சர்வர் நல்ல சர்வர்தான்.

முதல் முறை செய்கிறவர் 'மேக் மெனுகான்ஃபிக்' என்று தட்டியதும் நீலத் திரையில் ஒரு நீண்ட பட்டியல் விரியும். ப்ராசஸர் எந்த வகை, டிஸ்க் எந்தக் கார்டில் மாட்டியிருக்கிறது, நெட்வொர்க் சிப் யாருடையது என்று அடுத்தடுத்துக் கேள்விகள். 'எல்எஸ்பிசிஐ' கட்டளையைக் கொடுத்தோ மூடியைக் கழற்றிப் பார்த்தோதான் பதில் சொல்ல முடியும். 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற சுருக்குவழி, அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (தனிக் கோப்பாக இருந்து தேவைப்படும்போது ஏறும் டிரைவர்களை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிடும். பழைய இயந்திரத்தில் பல மணி நேரம் பிடிக்கும் வேலை இதனால் வெகுவாகக் குறையும். ஆனால் அந்த நேரத்தில் பென்டிரைவைச் செருகாமல் விட்டிருந்தால், புதிய கெர்னலுக்குப் பென்டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாமல் போகலாம். ஆரம்பக்காரர்களை அதிகம் கலங்கடிப்பது, ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும் 'கெர்னல் பேனிக்'. பெரும்பாலும் டிஸ்க் கார்டின் டிரைவர் மாட்யூலாக அந்த டிஸ்க்குக்குள்ளேயே கிடக்கும். டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும், டிரைவரை எடுக்க டிஸ்க்கைப் படிக்க வேண்டும். இதிலிருந்து மீள, டிரைவரைக் கெர்னலோடு சேர்த்துக் கட்டிவிடலாம்; அல்லது தொடக்கத்திலேயே மெமரியில் ஏறும் 'இனிட்ராம்எஃப்எஸ்' தொகுப்பில் வைக்கலாம். கம்ப்யூட்டர் எப்படி உயிர்பெறுகிறது என்பதை இந்த ஒரு முட்டுக்கட்டை புரியவைப்பதுபோல் வேறெதுவும் புரியவைப்பதில்லை. பழைய கெர்னலை மட்டும், இயந்திரம் தொடங்கும்போது வரும் 'கிரப்' மெனுவில் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். புதியது நின்றுபோனால் அதில் ஏறித் திரும்பி வந்துவிடலாம்.

தயாராகக் கிடைக்கும் கெர்னலே போதுமே என்பார்கள். அன்றாட வேலைக்குப் போதும், மறுக்கவில்லை. ஆனால் அது எதையாவது கைவிடும் நாளில் நம் கையில் மாற்று இருக்காது. மின்சாரக் கணக்கு இதைவிட வலுவான ஆட்சேபம். 200 வாட் இழுக்கும் சர்வரை இரவுபகலாக ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 288 யூனிட் ஆகும். வீடுகளுக்கு அரசு இலவசமாகத் தரும் அளவை அது ஒன்றே தாண்டிவிடும். ஆகவே எப்போதும் ஓடும் வேலைக்குப் பழைய சர்வர் சரிப்படாது. பயிற்சிக்கும், தேவைப்படும்போது மட்டும் இயக்கும் வேலைக்கும் அது ஏற்றது. பாதுகாப்பைப் பற்றிய கவலையும் நியாயமானது. நாமே கட்டிய கெர்னலுக்குத் திருத்தங்கள் தானாக வந்து சேராது. நீண்டகாலப் பராமரிப்பு வரிசையில் உள்ள பதிப்பைத் தேர்ந்து, திருத்தம் வரும்போதெல்லாம் மறுபடி கட்ட வேண்டும். அதற்கு நேரமில்லாதவர் அந்த சர்வரை இணையத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. மூலக் கெர்னலும் எல்லாவற்றையும் என்றென்றும் சுமப்பதில்லை: டோர்வால்ட்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கிய 386 ப்ராசஸரையே 2013-ல் வந்த 3.8 பதிப்பு விட்டுவிட்டது. இருந்தாலும் பழைய பதிப்புகளின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.

சப்போர்ட் முடிந்த மென்பொருளை விட்டு லினக்ஸுக்கு மாறுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலும் பாஸ் இருந்தது. நல்ல முயற்சிகள்தாம், ஆனால் முடித்துத் தந்த பொருளாகவே அது மாணவர் கைக்குப் போனது, பிரித்துப் பார்க்க யாரும் தூண்டவில்லை என்பது என் வருத்தம். இனி அப்படிப் பிரித்துப் பார்க்கும் திறமை இல்லாமல் ஆகாது. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸரில் 2018-ல் லினக்ஸ் பூட் ஆனது. நம்மவர்கள் வடிவமைக்கும் ஒவ்வொரு புதுச் சிப்புக்கும் யாராவது உட்கார்ந்து கெர்னலைக் கட்டமைத்துக் கம்பைல் செய்தாக வேண்டும். பழைய சர்வரில் கற்பதும் இதே வேலைதான். கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கல்லூரி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏலத்துக்கு ஒதுக்கிய சர்வர்களில் ஒன்றையாவது, ஒரு மானிட்டரும் கீபோர்டும் சேர்த்து, முதலாண்டு மாணவர்களிடம் விட்டுவிடுங்கள்.