தென்வானத்துத் தாரகைத் திரள்

வங்கக் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் செட்டிபாளையத்தில், வைகாசி முன்னிரவில் தென்திசை நோக்குவோர்க்குத் திரிசங்கு எனப்படும் தென்சிலுவை தோன்றும். அதன் கிழக்கே ஒளிர்வன சென்டாரசு மண்டலத்தின் ஆல்பா, பீட்டா விண்மீன்கள். சிலுவையை அடுத்துள்ள பீட்டாவிலிருந்து வடமேற்கே எப்சிலன் விண்மீனுக்குக் கோடு பிடித்து, அத்துணைத் தூரம் மேலும் நீட்டினால், பஞ்சுத் துணுக்கனைய மங்கலொளி ஒன்று புலப்படும். அதுவே ஒமேகா சென்டோரி. உச்சங்கொள்ளுங்கால் அது தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 35 பாகையில் நிற்கும். இலண்டன் மாநகரத்தார்க்கோ அது ஒருபோதும் உதிப்பதில்லை.

தொலமி அதனைத் தனி விண்மீனென்றே எண்ணினார். 1603 இல் பாயர் அதற்கு எழுத்துப் பெயரும் அளித்தார். 1677 இல் சென் எலேனாத் தீவிலிருந்து நோக்கிய ஹேலியே அது விண்மீனன்று எனக் கண்டார். விண்மீனுக்குரிய பெயர் மட்டும் இன்றளவும் நீங்கவில்லை!

ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஈர்ப்பினாற் பிணிப்புண்டு உருண்டு திரண்ட ஒரு கோடி விண்மீன்களின் கூட்டம் அது. ஆறு அங்குலத் தொலைகாட்டியில் ஓரத்து மீன்கள் தனித்தனியே பிரியும், நடுவிடம் பிரியாது.

ஒளிப்படம் எடுப்போர்க்கும் இடர் அந்நடுவிடமே. நெடுநேரம் ஒளியேற்றினால் மையம் வெண்டிட்டாகிவிடும். குறுகிய நேரமாயின் ஓரம் தோன்றாது. எனவே வெவ்வேறு கால அளவுகளிற் பல படங்களை எடுத்து இணைப்பர். வானம் மணிக்கு 15 பாகை திரும்புவதால், கருவியும் அதே கதியில் தொடர்தல் வேண்டும். கரையோர ஈரக்காற்று வேறு மீன்களை நடுங்கச் செய்யும்.

ஆயினும் படத்தின் பயன் அழகன்று, ஒப்பீடே. 1890களில் பேரு நாட்டு அரேக்கிப்பாவில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டுப் பெய்லி என்பார் இத்திரளில் நூற்றுக்கு மேற்பட்ட மாறொளி மீன்களைக் கண்டறிந்தார். அரைநாளளவில் மங்கிப் பொலியும் அத்தகையனவே பின்னர்த் திரள்களின் தொலைவளக்கும் கோலாயின.

தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வான்பௌதிக நிறுவனம் முன்னின்று அமைத்த புறவூதாத் தொலைகாட்டி, 2015 இல் ஆஸ்திரோசாட் செய்மதியில் ஏறியது. அதன் படங்களில் குளிர்ந்த செம்மீன்கள் மறைய, வெப்பமிக்கவை மட்டுமே எஞ்சுதலின் நெரிசல் தணிகிறது.

ஹபிள் தொலைகாட்டி இருபதாண்டுக்கு மேலாக எடுத்த ஐந்நூறு படங்களை ஒப்பிட்டோர், மையத்தருகே ஏழு மீன்கள் மிகுவேகத்தில் விரைதலை 2024 இல் அறிவித்தனர். அவ்வேகத்தில் அவை சிதறியோடாமைக்கு, ஞாயிற்றைப்போல் 8,200 மடங்கேனும் திணிவுடைய கருங்குழி அங்கிருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. அத்துணைத் திணிவை ஏற்காதாரும் உளர். வழக்கு இன்னும் முடியவில்லை.