தீவில் கேட்ட பாட்டு – 14: இரண்டாவது பாடகர்

சென்ற வாரம் பினாங்கில், மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லி பிறந்த மரவீட்டு வாசலில் நின்றோம். அங்கிருந்து ஜெலுத்தோங் சந்தை ரொம்பத் தூரமில்லை. சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில், எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பழைய ஆம்ப்ளிஃபயர்களையும் ஸ்பீக்கர்களையும் பழுதுபார்த்துக் கொடுக்கிறார். வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க அவர் போடுவது இளையராஜா அல்ல. ஒரு பெண் குரல், துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல், ‘டேனி பாய்’ பாட ஆரம்பிக்கும்.

“ஸ்பீக்கர்ல கொற இருந்தா இந்தக் குரலு காட்டிக் குடுத்துரும் தம்பி.”

குரலுக்குரியவர் ஜெசிந்தா. இசைத்தட்டின் உறையில் அந்த ஒற்றைப் பெயர்தான். முழுப்பெயர் ஜெசிந்தா அபிஷேகநாதன் என்று நான் சொன்னபோது அண்ணன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். “நம்மாளா?”

பாதி நம்மாள். சிங்கப்பூரில் 1957-இல் பிறந்தவர், தாய் சீனர். தந்தை அலெக்ஸ் அபிஷேகநாதனைச் சிங்கப்பூரின் கித்தார் தந்தை என்பார்கள். 1988-இல் அந்நாட்டின் கலாசாரப் பதக்கம் பெற்றவர். மகள் நாடக மேடையிலும் பேர்போனவர். அந்தப் பழக்கம் பாட்டிலும் தெரியும்: சொல்லைப் பாடுவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பதுபோல் நிற்பார்.

‘டேனி பாய்’ இருக்கும் இசைத்தட்டு ‘ஹியர்ஸ் டு பென்’, 1998. சாக்சபோன் மேதை பென் வெப்ஸ்டருக்குச் செலுத்திய அஞ்சலி. அதனால் கேட்பவர்கள் அதில் டெடி எட்வர்ட்ஸ் வாசித்த சாக்சபோனைப் பற்றிப் பேசுவார்கள். ஒலிப்பதிவுப் பைத்தியங்களோ மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பியானோவை யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. வாசித்தவர் கெய் அக்காகி. ஜப்பானில் பிறந்தவர், மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்தவர். மறுவருடம் வந்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ தட்டிலும் அவர்தான். ஜெசிந்தா அவ்வளவு மெதுவாகப் பாடியும் நமக்குச் சலிக்காததற்குக் காரணம் அந்த விரல்கள். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “பியானோ சும்மா கூட வருது, அவ்ளோதானே?” என்றார்.

கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு அப்படித்தான் தோன்றும். நமக்கு வயலின் பாடகரின் நிழல். சங்கதி எங்கே போனாலும் பின்னாலேயே போகும். ஜாஸில் குரலும் பியானோவும் மட்டும் தனியாக நிற்கும்போது கதை வேறு. அதைக் காட்ட மறுவாரம் ஒரு தட்டை எடுத்துப்போனேன்: 1975 ஜூனில், கலிபோர்னியாவின் பெர்க்லியில், டோனி பென்னட்டும் பில் எவன்ஸும் நான்கே நாளில் பதிவு செய்தது. டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. ஒன்பது பாட்டு. கொலம்பியா நிறுவனத்தைவிட்டு விலகியிருந்த பென்னட், பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேலே குரலை ஏற்றிப் பழகியவர். எவன்ஸோ பியானோவுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தனக்குத்தானே பேசுவதுபோல் வாசிப்பவர். இந்த ஜோடி பொருந்தும் என்று எந்த ஜாதகமும் சொல்லியிருக்காது.

மூன்றாவது பாட்டு ‘சம் அதர் டைம்’. லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1944-இல் ஒரு இசைநாடகத்துக்கு அமைத்த மெட்டு. 1958-இல் எவன்ஸ் இதை வாசிக்க உட்கார்ந்தார். தொடக்கத்துக்காக இடதுகையில் இரண்டே ஸ்வரக்கூட்டுகளை மாற்றி மாற்றி வாசித்தவருக்கு, அதைவிட்டு வர மனமில்லை. பாட்டுக்குள் போகவே இல்லை. அந்த இரண்டின் மேலேயே ஆறு நிமிடத்துக்கு மேல் கற்பனை செய்துகொண்டு போனார். அதுதான் ‘பீஸ் பீஸ்’. தம்புராவை மீட்டிவிட்டுக் கண்மூடி ஆலாபனை செய்வதற்கு மேற்கில் இதைவிட நெருங்கிய உறவினரை நான் கேட்டதில்லை. பதினேழு வருடம் கழித்து இந்தத் தட்டில் அதே மெட்டை வாசித்தபோது பக்கத்தில் ஒரு பாடகர் இருந்தார். பென்னட் குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அவர் நிறுத்துகிற இடத்தை எவன்ஸ் நிரப்புவதில்லை. கொஞ்சம் காலியாகவே விடுகிறார், பிறகு பாடகர் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறார்.

நெடுஞ்சாலையில் லாரி போகும் சத்தம் மாடிவரை வந்துகொண்டிருந்தது. தட்டு முடிந்ததும் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஜெசிந்தாவை மறுபடி போட்டார். இந்தத் தடவை ‘டேனி பாய்’ அல்ல; பியானோ வரும் பாட்டாகத் தேடினார்.

எவன்ஸ் 1980-இலும் பென்னட் 2023-இலும் மறைந்தார்கள்.

அடுத்த வாரம் நம் தீவின் பியானோக்காரர்: ‘புத்ரா புத்ரி’ பாட்டைத் தந்த ஜிம்மி பாயில் (1922–1971). அவர் வாசித்ததை நேரில் கேட்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதை எழுதி அனுப்புங்கள்.