பறிக்கப் பறிக்கக் காய்க்கும்

வீட்டுத் தோட்டம் – 7

மண் கலவை, விதை, உரம், தண்ணீர் என்று இதுவரை பார்த்தவை எல்லாம் செடியை வளர்ப்பதற்கானவை. நன்றாக வளர்ந்த செடி தானாகவே நன்றாகக் காய்க்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. வெண்டை, கத்தரி, கொத்தவரை, பச்சை மிளகாய், வெள்ளரி, அரைக்கீரை என்று நம் வீடுகளில் அதிகம் வளர்கிற பயிர்கள் மொத்தம் எவ்வளவு தரும் என்பது, அவற்றை எப்போது, எப்படிப் பறிக்கிறோம் என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. கூடுதலாக ஒரு ரூபாய் செலவழிக்காமல், இருக்கிற வளர்ப்புப் பைகளிலேயே விளைச்சலைக் கூட்ட ஒரு வழி உண்டென்றால் அது அறுவடைதான். ஆனால் மாடித் தோட்டம் பற்றிய பேச்சில் கடைசியாக, ஒரு வரியில் முடிந்துபோவதும் அதுவே.

காரணம் செடியின் இயல்பில் இருக்கிறது. வெண்டையும் வெள்ளரியும் ஒரு பருவம் மட்டுமே வாழ்கிறவை. பூப்பதும் காய்ப்பதும் அவற்றுக்கு விதையை முற்றவைக்கும் வேலை. விதை முற்றத் தொடங்கிய காய், இலைகள் தயாரிக்கிற உணவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். புதிய பூக்களும் பிஞ்சுகளும் அந்தப் போட்டியில் தோற்று உதிரும், அல்லது வளராமல் நின்றுவிடும். வெள்ளரியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: அடியில் ஒரே ஒரு காயை மஞ்சளாகப் பழுக்க விட்டால் போதும், அதற்கு மேலே வைக்கிற பிஞ்சுகள் சுருங்கிக் கருகும். அதே காயைப் பிஞ்சிலேயே எடுத்துவிட்டால் செடியின் வேலை முடியவில்லை. அது மறுபடி பூக்கும். நாம் உண்பது விதை முற்றாத இளங்காயை என்பதால், நம் தேவையும் செடியின் இந்தக் குணமும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி.

வெண்டையை எடுத்துக்கொள்வோம். விதைத்த 40 நாளை ஒட்டிப் பூக்கும். பூ விரிந்த ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். அந்தப் பக்குவம் இரண்டு நாள்கூட நிற்பதில்லை. கோடை வெயிலில் இன்று விரல் நீளம் இருந்த காய், நாளை மறுநாள் நாராகிவிடும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பது என்பது கண்டிப்பான கணக்கு. காயின் நுனியை விரலால் வளைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்து மடங்கினால் முற்றிவிட்டது. கையால் முறுக்கிப் பிய்த்தால் தண்டின் தோல் உரிந்து வரும், அந்தக் காயத்தில் நோய் தொற்றும். காம்போடு சேர்த்துக் கத்தரிக்கோலால் வெட்டுவதே சரி. பறிக்கிறபோது காய்க்கு அடியில் இருக்கிற பழுத்த இலைகளையும் எடுத்துவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும், இலைக்குப் பின்னால் ஒளிந்து முற்றுகிற காயும் கண்ணில் படும்.

கத்தரிக்குத் தோல்தான் அடையாளம். பளபளப்பு இருக்கும்வரை விதை இளசு. மங்கிவிட்டால் உள்ளே விதை கறுத்துக் கசக்கத் தொடங்கியிருக்கும். காய் இன்னும் பெரிதாகட்டும் என்று காத்திருப்பதில் எடை கொஞ்சம் கூடும், அடுத்த நான்கு பிஞ்சுகள் போகும். கத்தரியில் பறிக்க வேண்டியது காயை மட்டுமல்ல. தண்டு, காய்த்துளைப்பான் புழு முதலில் இளந்தளிரின் உள்ளே புகுந்து தின்னும். நல்ல வெயிலில் தண்ணீர் ஊற்றிய பிறகும் நுனி மட்டும் வாடித் தொங்கினால் அதுதான். அந்த நுனியை இரண்டு அங்குலம் கீழே வெட்டி, புழுவோடு அழித்துவிட வேண்டும். ஓட்டை விழுந்த காயையும் செடியில் விடக்கூடாது. மருந்து தெளிக்காமல் கத்தரி வளர்க்க நினைப்பவருக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. கீரையில் இதே தத்துவம் வேறு வடிவம் எடுக்கிறது. சிறுகீரையும் முளைக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்குகிறவை, ஒரே தடவைதான். அரைக்கீரையை மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலே, கணுக்களை விட்டு அறுத்தால் பக்கத் துளிர்கள் கிளம்பி, அதே பை திரும்பத் திரும்பக் கீரை தரும்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஒரு பையில் முட்டைக்கோஸ் வைத்தால் ஒரு கிலோ கிடைக்குமே, வெண்டைச் செடி தடவைக்கு ஒன்றிரண்டு காய்தானே தருகிறது? கிலோவை மட்டும் எடை போட்டால் அப்படித் தோன்றும். கோஸ் மூன்று மாதம் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு, ஒருநாள் சமையலுக்கு வந்து முடிந்துவிடும். சமவெளியின் வெப்பத்தில் அது நன்றாக உருளும் என்பதற்கும் உறுதியில்லை. பத்து வெண்டைச் செடி இருந்தால் ஒன்றரை மாதத்துக்குமேல் ஒருநாள் விட்டு ஒருநாள் சாம்பாருக்கோ பொரியலுக்கோ காய் வரும். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேருக்கு 1,600 கிராம். அவ்வளவையும் ஒரு மொட்டைமாடி தராது. அது தரக்கூடியது, நிற்காமல் வருகிற ஒரு பங்கு. அந்தப் பங்கை நம்பி வாரச் சந்தைக்குப் போகும் பையைச் சிறிதாக்கலாம். வீட்டுத் தோட்டத்தின் பலனை எத்தனை நாள் அது அடுப்பில் ஏறியது என்று எண்ணுவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

அடிக்கடி பறித்தால் செடி களைத்துப்போகாதா என்பதும் பொருளுள்ள கேள்விதான். களைக்கும், ஊட்டம் தராவிட்டால். ஒவ்வொரு காயோடும் மண்ணிலிருந்து சத்து வெளியே போகிறது. பையில் இருக்கிற மண்ணோ கொஞ்சம், அன்றாடம் ஊற்றுகிற தண்ணீர் அதிலுள்ள சத்திலும் ஒரு பகுதியைக் கரைத்து வெளியேற்றுகிறது. எனவே காய்க்கத் தொடங்கிய நாள் முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், இடையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்த பஞ்சகவ்யம் என்று கொடுத்தாக வேண்டும். வளர்கிற காலத்தில் அள்ளிப்போட்டு, காய்க்கிற காலத்தில் மறந்துவிடுவது பரவலான வழக்கம். தலைகீழாக இருக்க வேண்டியது அது.

விதைக்கு என்ன செய்வது? எல்லாச் செடியிலும் கடைசிக் காய்களை விட்டுவைப்பது வீண். நோயில்லாத, நன்றாகக் காய்த்த ஒரே ஒரு செடியை முன்கூட்டியே குறித்து, துணி கட்டி அடையாளம் வைத்து, அதை மட்டும் முற்றவிடலாம். அது நாட்டு விதையில் வந்த செடியாக இருக்க வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தின் விதையில் தாயின் குணம் அப்படியே வராது. பூசணி, பரங்கி, சேனை போன்றவற்றுக்கு இளசிலேயே பறிக்கும் விதி பொருந்தாது, அவற்றில் முதிர்ச்சிதான் விளைச்சல். தக்காளி நடுவில் நிற்கிறது. நுனியில் லேசாக நிறம் மாறியதுமே பறித்து வீட்டுக்குள் வைத்தால் தானே பழுக்கும், அணிலுக்கும் கிளிக்கும் தப்பும்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஒரு வாரம் ஊருக்குப் போகிற வீடுகளில்தான் பெரும்பாலான வெண்டைச் செடிகளின் காய்ப்பு நிற்கிறது. புறப்படும் நாள் காலையில் விரல் நீளப் பிஞ்சு வரை எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுக்கும்போது, காயையும் அவர்களே பறித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் நாரேறிக் கிடக்கிற காய்களைச் சமைக்க முடியாது என்று செடியிலேயே விடாமல் வெட்டி உரக்குழியில் போட்டு, பைக்கு ஒரு கைப்பிடி கூடுதல் உரமும் வைத்தால், செடிக்கு வயதாகியிராத பட்சத்தில் சில நாளில் மறுபடி மொட்டு விடும்.