550 டொலர் வேட்டைத் துவக்கு: வாங்கியதும் விளங்கியதும்

வேட்டைத் துவக்கு ஒன்று வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு, "இதுக்குப் பயந்துதானே தம்பி அங்கையிருந்து ஓடி வந்தனாங்கள்?" என்று கேட்டார். என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை.

ஒன்ராறியோவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதிப்பேர் நவம்பர் வந்தால் லீவு எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போய்விடுவார்கள். இரண்டு வருடம் அவர்களோடு வெறுங்கையோடு போனேன். விறகு கொத்தினேன், சுட்ட மானை இழுத்துவர உதவினேன், பங்கு இறைச்சியோடு வீடு வந்தேன். மூன்றாம் வருடம் நானும் அனுமதிப்பத்திரம் எடுத்தால் என்ன என்று தோன்றியது. வன்னியில் அப்பாவிடம் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. வயலுக்கு வரும் பன்றிக்காக முறைப்படி பதிந்து வைத்திருந்தவர். எண்பதுகளில் ஒருநாள் அது வீட்டில் இல்லாமல் போனது. யார் கொண்டுபோனது என்று அம்மா இன்றுவரை சொன்னதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

கனடாவில் பணம் இருந்தால் கடையில் போய்த் துவக்கு வாங்கலாம் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். அது அமெரிக்காவின் சில மாநிலங்களின் கதை. இங்கே முதலில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குப் போய், எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். வகுப்பில் முதலில் படிப்பிப்பது நான்கு விடயங்கள்: எந்தத் துவக்கையும் ரவை ஏற்றப்பட்டதாகவே நினை, குழல் முனை எங்கே பார்க்கிறது என்பதை எப்போதும் உன் கட்டுப்பாட்டில் வைத்திரு, விசையில் விரல் வைக்காதே, ரவை இல்லை என்பதை நீயே திறந்து பார்த்து உறுதிசெய். குழல் முனை மனிதரைப் பார்க்கக்கூடாது என்று அந்த ஆசிரியர் மூன்று தடவை சொன்னார். அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீதிகளில் துவக்கு வைத்திருந்தவர்களில் ஒருவரும் அந்தப் பாடம் படித்திருக்கவில்லை.

பிறகு விண்ணப்பம். மூன்று வருடங்களுக்குக் குறையாமல் என்னைத் தெரிந்த இருவர் சாட்சி சொல்லவேண்டும். மனைவியின் கையெழுத்துக்கும் இடம் உண்டு. அவர் ஒப்பமிடாவிட்டால் அவருக்கு அறிவிப்பார்கள். மனச்சோர்வுக்கோ உணர்ச்சிப் பிரச்சினைக்கோ சிகிச்சை பெற்றீர்களா என்ற கேள்வியில்தான் என் பேனா நின்றது. நித்திரையில்லாமல், கனவில் கத்திக்கொண்டு, வைத்தியரிடம் போனவன் நான். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு "ஆம்" என்று அடையாளமிட்டேன். எங்களில் பலருக்கு இது பொருந்தும் என்பதால் சொல்லிவைக்கிறேன்: "ஆம்" என்று எழுதினால் விண்ணப்பம் தானாக நிராகரிக்கப்படாது, கூடுதலாக விசாரிப்பார்கள். எனக்குத் தொலைபேசி வந்தது, வைத்தியரின் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். முதற்தடவை விண்ணப்பிப்பவருக்கு எப்படியும் 28 நாள் காத்திருப்பு உண்டு. எனக்கு அதைவிட நாள் எடுத்தது. மறைத்திருந்தால் வந்திருக்கும் நித்திரையின்மையோடு பார்க்கும்போது அது பெரிதல்ல.

இனித் துவக்கு. கடையில் சுவரில் 3,000 டொலர் றைபிள்களும் இருந்தன. நான் வாங்கியது சவேஜ் நிறுவனத்தின் 'அக்சிஸ்'; .243 வின்செஸ்டர் ரவை பாவிப்பது. வரியோடு 550 டொலருக்குள் முடிந்தது. மானுக்குப் போதுமான ரவை அது. தோளில் உதைப்பதும் குறைவு.

விலை குறைந்தால் குறி தவறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலைசெய்யும் நண்பர் ஒருவர் விளங்கப்படுத்தினார். இந்த வகைத் துவக்கில் போல்ட் என்ற உருளையைக் கையால் தூக்கி, இழுத்து, தள்ளி, மூடவேண்டும். ஒரு தடவை செய்தால் ஒரு ரவை. மூடிய போல்ட்டுக்கும் குழலுக்குள் இருக்கும் ரவைக்கும் இடையிலுள்ள இடைவெளி மிக நுட்பமாக அமையவேண்டும். கூடினால் ரவைக்கூடு பிளக்கும். குறைந்தால் போல்ட் மூடாது. பழைய முறையில் கைதேர்ந்த தொழிலாளி குழலைச் சிறிது சிறிதாகச் சீவிப் பொருத்திப் பார்ப்பார். அந்த உழைப்புக்குத்தான் காசு.

1958இல் நிக்கலஸ் பிரூவர் என்பவர் சவேஜ் 110 என்ற துவக்கை வடிவமைத்தபோது இதற்கு ஒரு சுருக்குவழி கண்டார். குழலில் ஒரு சுரை. அளவுத் துண்டொன்றை உள்ளே வைத்துக் குழலை அது முட்டும்வரை திருகு. பிறகு சுரையை இறுக்கு. அவ்வளவுதான். சைக்கிள் சில்லின் அச்சில் கோனையும் சுரையையும் சரிசெய்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். போல்ட்டின் தலையும் தனித் துண்டு. அது சற்று அசையக்கூடியதாக இருப்பதால் பூட்டும் பற்கள் இரண்டும் தானாகவே சமமாகப் பதியும். விலையுயர்ந்த துவக்கில் சீவித் தேய்த்துப் பெறும் சமநிலை இங்கே அமைப்பாலேயே கிடைக்கிறது. அக்சிஸ் துவக்கும் இந்த வழியில் வந்ததுதான்.

அப்படியென்றால் 3,000 டொலர் எதற்கு? பிடங்குக்கு நல்ல மரம், வழுக்கிக்கொண்டு ஓடும் போல்ட், கண்ணுக்கு அழகு. இந்த விலைக்கு வரும் துவக்குகளில் பிடங்கு பிளாஸ்ரிக். தட்டினால் வெற்று வாளிச் சத்தம் கேட்கும். முன்பகுதியை இறுக்கி அழுத்தினால் வளையவும் கூடும். ஆகவே சுடும்போது அதைப் பலகையில் அழுத்தாமல் மெதுவாக வைக்கப் பழகவேண்டும். எனக்கு இது குறையாகப் படவில்லை. மழையில் நனைந்தாலும் மரம்போல ஊதாது.

சுடுதிடலில் 100 யார் தூரத்தில் இலக்குத் தாளைக் குத்தினோம். முதல் மூன்று வெடியும் நடுவிலிருந்து நான்கு அங்குலம் வலப்பக்கம், இரண்டு அங்குலம் கீழே. தொலைநோக்கியின் திருகில் ஒரு 'கிளிக்' என்பது அந்தத் தூரத்தில் கால் அங்குலம். இடப்பக்கம் 16, மேலே 8. அடுத்த மூன்றும் நடுவில், ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுந்தன. மானின் இதயமும் சுவாசப்பையும் இருக்கும் பகுதி ஏறக்குறைய எட்டு அங்குலம். இருநூறு யாரில் என் துவக்கின் சிதறல் இரண்டு மடங்காகி இரண்டரை அங்குலம் வந்தாலும் இடம் மிச்சம். கை நடுக்கம் வேறு கணக்கு; அதைத் துவக்கின் விலை திருத்தாது.

ஆனால் அன்று நடந்த வேறொன்றையும் சொல்லவேண்டும். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரர் சுட்டார். காதுக் கவசம் போட்டிருந்தேன். இருந்தும் அடுத்த கணம் மேசைக்குக் கீழே குந்தியிருந்தேன். தலையில் கை. அடுத்த வெடிக்காகக் காத்திருந்தேன். எங்களுக்குத் தெரிந்த துவக்குகள் ஒன்றோடு நிற்பதில்லை. அது வரவில்லை. போல்ட் திறக்கும் கிளிக் சத்தம் கேட்டது, வெறும் கூடு சீமெந்தில் விழுந்து உருண்டது, பிறகு அமைதி. நண்பர் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணீர்க் குடுவையை நீட்டினார். அரைமணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பவும் சுட்டேன். அதன்பின் ஆறு தடவை திடலுக்குப் போயிருக்கிறேன். துள்ளுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. நெருப்புத்திருவிழா வெடிகளுக்கே கதவு சாத்துகிறவர்கள் இதை ஒரு வைத்தியமாக எடுத்துக்கொள்ளவேண்டாம். எனக்கு வாய்த்தது அவ்வளவே.

காட்டில் இன்னொரு வேடிக்கை. ஒன்ராறியோவில் துவக்குக் காலத்தில் வேட்டைக்காரர் பளிச்சென்ற ஒரேஞ்ச் நிறத்தில் குறைந்தது 400 சதுர அங்குலம் இடுப்புக்கு மேலே அணியவேண்டும். தொப்பியும் அதே நிறம். சிறுவயதில் ஹெலி வந்தால் வெள்ளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி அம்மா கத்துவார். இங்கே துவக்கோடு நிற்கிறவன், நான் இங்கே நிற்கிறேன் என்று எல்லோருக்கும் காட்டவேண்டும் என்பது சட்டம்.

முதல் வருடம் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் வருடம் ஹலிபேர்ட்டன் பக்கம் ஒரு காலையில் கிளைக்கொம்பன் ஒன்று எழுபது யாரில் பக்கவாட்டாக நின்றது. ஒரு வெடி. முப்பது யார் ஓடி விழுந்தது. போல்ட்டைத் திறந்து கூட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். கிட்டப் போய் நின்றபோது பெருமையும் வந்தது, அழுகையும் வந்தது. நண்பர்கள் வரும்வரை அதன் பக்கத்தில் இருந்தேன்.

வீட்டில் துவக்கு இரும்பு அலுமாரியில், விசைக்குப் பூட்டுப் போட்டு இருக்கிறது. போல்ட் தனியே, ரவை வேறிடத்தில் பூட்டி. அம்மா அந்த அறைப்பக்கம் வருவதில்லை. இறைச்சியை மட்டும் வாங்கிப் பார்த்து, மிளகு கூடப் போட்டு, மரைவத்தல் போடுகிற மாதிரி ஒரு பங்கை உப்பில் ஊறவைத்தார். "கொப்பர் இருந்தால் தொடையைத்தான் கேட்டிருப்பார்" என்றார். இந்த நவம்பருக்கு ஒரு தொடை தனியாக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார்.