மூலிகைதானே என்று எண்ணலாமா? எபிட்ரா செடிகளின் பல முகங்கள்

உயர் இரத்த அழுத்தத்திற்காக எங்களிடம் சிகிச்சை பெற்றுவரும் ஒருவருக்கு, பல மாதங்களாகக் கட்டுக்குள் இருந்த அழுத்தம் திடீரென உயர்ந்தது. மாத்திரைகளை அவர் ஒரு வேளையும் தவறவிடவில்லை. உணவில் உப்பையும் குறைத்திருந்தார். ஆயினும் இரவில் உறக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றார். வேறு ஏதேனும் உட்கொள்கிறீர்களா என்று வினவியபோது, இல்லை என்றே விடையளித்தார். உடன் வந்திருந்த மகள்தான், உடல் எடையைக் குறைப்பதற்காக உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பொடியை நினைவூட்டினார். "அது மருந்து இல்லையே, மூலிகைதானே?" என்றார் அவர். அப்பொடியின் உறையில் எபிட்ரா என்ற பெயர் அச்சிடப்பட்டிருந்தது.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை காண வேண்டுமாயின், எபிட்ரா என்பது என்ன என்பதை முதலில் அறிதல் வேண்டும். அது ஒரு செடியின் பெயரன்று. ஒரு பெரிய குடும்பத்தின் பெயர்.

இலையற்றது போல் தோன்றும் செடி

சவுக்கு மரத்தின் ஊசிகளைக் கணு கணுவாகக் கழற்றி விளையாடியவர்களுக்கு எபிட்ராவின் தோற்றம் எளிதில் விளங்கும். அதன் தண்டுகளும் அவ்வாறே மெலிந்து, பசுமையாக, கணுக்களுடன் காணப்படும். இலைகள் கணுக்களில் சிறு செதில்களாகச் சுருங்கிவிட்டமையால், உணவு தயாரிக்கும் பணியைப் பசுந்தண்டே செய்கிறது. நீர் அரிதாகக் கிடைக்கும் நிலத்தில், அகன்ற இலைகளின் வழியே ஈரத்தை இழக்காதிருக்க அமைந்த ஏற்பாடு இது.

தோற்றத்தில் ஒத்திருப்பினும் சவுக்குக்கும் எபிட்ராவுக்கும் உறவு இல்லை. சவுக்கு பூக்கும் தாவரம். எபிட்ராவோ பைன், சைக்கஸ் போன்று, கனிக்குள் மூடப்படாத விதையை உடைய தாவர வகையைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் வளரும் வெல்விட்சியா அதன் உறவினங்களுள் ஒன்று. பனையில் ஆண்பனை, பெண்பனை என இருப்பதுபோல், பெரும்பாலான எபிட்ரா இனங்களிலும் ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனியே வளர்கின்றன.

ஐந்து கண்டங்களில் ஒரு குடும்பம்

உலகில் ஏறத்தாழ அறுபது எபிட்ரா இனங்கள் உள்ளன. ஆசியா, ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய நிலப்பகுதிகளின் வறண்ட வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் அவை பரவியுள்ளன.

வட சீனாவிலும் மங்கோலியாவிலும் உள்ள புல்வெளிகளில் வளர்வது எபிட்ரா சினிகா. இதனையும் இன்டர்மீடியா, ஈக்விசெட்டினா என்னும் வேறு இரண்டு இனங்களையும் சீன மருத்துவம் மா ஹுவாங் என்ற ஒரே பெயரால் வழங்குகிறது. இமயத்தின் உயரமான, குளிர்ந்த, வறண்ட சரிவுகளில், லடாக், ஸ்பிட்டி முதலிய பகுதிகளில், எபிட்ரா ஜெரார்டியானா தரையை ஒட்டிய குறுஞ்செடியாக வளர்கிறது. ராஜஸ்தானத்தின் வறள்நிலத்தில் வளரும் எபிட்ரா ஃபோலியேட்டாவோ, பிற செடிகளைப் பற்றி ஏறிப் படரும் இயல்புடையது. ஐரோப்பாவின் கடலோர மணற்பரப்புகளில் எபிட்ரா டிஸ்டாக்கியா காணப்படுகிறது. அமெரிக்காவின் நெவாடா, யூட்டா முதலிய மாநிலங்களின் பாலைநிலங்களில் நெவடென்சிஸ், விரிடிஸ் ஆகிய இனங்கள் உண்டு. ஆண்டிஸ் மலைத்தொடரிலும் தனி இனங்கள் வாழ்கின்றன.

விதை பரவும் முறையிலும் இக்குடும்பத்தில் வேற்றுமை உண்டு. சில இனங்களில் விதையைச் சூழ்ந்த செதில்கள் சிவந்து சதைப்பற்றுடன் கனிபோல் மாறிப் பறவைகளை ஈர்க்கின்றன. வேறு சிலவற்றில் அச்செதில்கள் உலர்ந்து சிறகுபோல் விரிந்து காற்றில் மிதக்கின்றன.

தோற்றம் ஒன்று, வீரியம் வேறு

இவ்வேற்றுமைகள் தாவரவியலார்க்கு மட்டும் உரியவை அல்ல. மா ஹுவாங்கின் தண்டில் எபிட்ரின், சூடோஎபிட்ரின் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. மூன்று சீன இனங்களிலும் இவற்றின் விகிதம் ஒன்றாக இல்லை. சினிகாவில் எபிட்ரின் மிகுதி, இன்டர்மீடியாவில் சூடோஎபிட்ரின் மிகுதி. அமெரிக்கப் பாலைநிலத்து இனங்களிலோ எபிட்ரின் மிகச் சிறிதளவே உண்டு, அல்லது அறவே இல்லை. அதனால்தான் அங்குள்ள மக்கள் அதனைத் தேநீர்போல் காய்ச்சிப் பருகிவந்தனர். ஒரே செடியிலும் வேர் ஒன்று, தண்டு வேறு: சீன மருத்துவர் தண்டை வியர்வை வருவிக்கவும், வேரை வியர்வையை நிறுத்தவும் பயன்படுத்தினர். போதாக்குறைக்கு, வளரும் இடமும் பறிக்கும் பருவமும் வீரியத்தை மாற்றிவிடும்.

பெயரும் நமக்கு உதவுவதில்லை. இமயத்து எபிட்ராவைச் சோமலதை என்பர். தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் வளரும், பால் வடியும் கொடிக்கள்ளிக்கும் சோமலதை என்ற பெயர் உண்டு. இரண்டும் முற்றிலும் வெவ்வேறு தாவரங்கள். ஆகவே, உறையில் உள்ள ஒரு பெயரைக் கொண்டு, உள்ளே இருப்பது எந்த இனம், எந்தப் பாகம், எவ்வளவு வீரியம் என்று எவராலும் கூற இயலாது.

மருந்தாக வந்த வரலாறு

1885ஆம் ஆண்டு ஜப்பானிய வேதியியலாளர் நகாய் நாகயோஷி, மா ஹுவாங்கிலிருந்து எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். 1924ஆம் ஆண்டு பீகிங்கில் பணியாற்றிய சென், ஷ்மிட் ஆகிய இருவரும், அது அட்ரினலினை ஒத்துச் செயற்படுகிறது என்றும், வாய்வழியே கொடுத்தாலும் பயன் தருகிறது என்றும் விளக்கினர். அதன்பின் பல ஆண்டுகள் ஆஸ்துமா நோயாளிகளுக்கு எபிட்ரின் துணையாக விளங்கியது. முதுகுத்தண்டு மயக்க மருந்தினால் இரத்த அழுத்தம் தாழும்போது அதனை உயர்த்த, மயக்கவியல் மருத்துவர்கள் இன்றும் எபிட்ரின் ஊசியைப் பயன்படுத்துவதுண்டு.

மருத்துவர் கையில் அளவறிந்து செலுத்தப்படும்போது உயிர்காக்கும் அதே செயலே, அளவறியாது உட்கொள்ளும்போது தீங்காகிறது. எபிட்ரின் மூச்சுக்குழாயை விரிக்கும். அதனோடு இதயத் துடிப்பை விரைவுபடுத்தும், இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழுத்தத்தை உயர்த்தும். உறக்கமின்மை, கைநடுக்கம், சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியன ஏற்படலாம். கடுமையான நிலையில் மாரடைப்பும் பக்கவாதமும் நேரலாம். காப்பியிலுள்ள காஃபின் இவ்விளைவுகளை மிகுவிக்கும்.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் 23 வயது பேஸ்பால் வீரர் ஒருவர் பயிற்சியின்போது வெப்பத் தாக்கத்தால் உயிரிழந்தார். அவர் உட்கொண்ட எபிட்ரா கலந்த எடைக்குறைப்புப் பொருளும் அதற்குத் துணைக்காரணம் எனப் பிணக்கூறாய்வு மருத்துவர் தெரிவித்தார். எபிட்ரின் வகைச் சேர்மங்கள் அடங்கிய உணவுத் துணைப்பொருள்களுக்கு அந்நாடு விதித்த தடை 2004 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

எங்கள் வேண்டுகோள்

உயர் இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச்சுரப்பு, ஒருவகைக் கண் நீர் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் ஆகியவை உடையோரும், கருவுற்ற தாய்மாரும் எபிட்ரா கலந்த எதனையும் தாமாக உட்கொள்ளுதல் கூடாது. மனநலத்திற்கான சில மருந்துகளுடன் சேரும்போது அது பேராபத்தை விளைவிக்கும். சளி, மூக்கடைப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபிட்ரின் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கடையில் வாங்குமுன் அதனை மருந்தாளுநரிடம் கூறுதல் நன்று.

அடுத்த முறை வரும்போது, நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளுடன் பொடி, கஷாயம், லேகியம், சத்துமாவு என அனைத்தையும் உறையோடு ஒரே பையில் எடுத்து வாருங்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையில் மயக்கவியல் மருத்துவரிடமும் அவற்றைக் காட்டுங்கள். உடன் வருவோர் நோயாளி மறந்ததை நினைவூட்டலாம். எவரையும் கடிந்துகொள்வதற்காக நாங்கள் இதனைக் கேட்பதில்லை. உட்கொண்டதை மறைக்காது கூறினால், காரணம் அறியாது மாத்திரையின் அளவைக் கூட்டும் தவறு நேராது. நெஞ்சுவலியோ, ஒரு பக்கம் கைகால் செயலிழத்தலோ, கடுமையான தலைவலியோ தோன்றினால் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அல்லது 108 ஐ அழையுங்கள்.

தொடக்கத்தில் குறிப்பிட்டவர் பொடியை நிறுத்தினார். சில நாள்களில் உறக்கம் திரும்பியது. அழுத்தமும் பழைய நிலைக்கு வந்தது. அவருக்கு நாங்கள் புதிய மருந்து எதனையும் எழுதவில்லை. மகள் நினைவூட்டிய அந்த ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது.