"அவங்களுக்கு ஒரு ஊசி, எனக்கு மட்டும் ஏன் ரெண்டு?" - ஆஸ்துமா ஊசியின் டோஸ் கணக்கு

ஒரே நோய், ஒரே மருந்து. ஆனால் ஒருவருக்கு ஒரு ஊசி, பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு. ஒருவர் மாதம் ஒருமுறை வந்தால் போதும், இன்னொருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும். ஒமாலிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இதைப் பார்த்தால் குழப்பம் வருவது இயல்புதான். 'நமக்கு நோய் முற்றிவிட்டதோ' என்ற பயமும் சிலருக்கு வரும். அந்தப் பயம் தேவையில்லை.

இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் கட்டுப்படாத, அலர்ஜியால் வரும் ஆஸ்துமாவுக்கான ஊசி இது. 6 வயது முதல் போடலாம்.

இரண்டு எண்கள் போதும்

தூசு, பூஞ்சை போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்களின் உடலில் 'ஐஜிஇ' என்ற எதிர்ப்புப் பொருள் அதிகம் சுரக்கும். அதுதான் அலர்ஜியைத் தூண்டி மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. ரத்தத்தில் சுற்றும் ஐஜிஇ-யைப் பிடித்து முடக்குவதே ஒமாலிசுமாபின் வேலை. பிடிக்க வேண்டியது அதிகம் இருந்தால் மருந்தும் அதிகம் வேண்டும். அதனால்தான் சிகிச்சைக்கு முந்தைய ஐஜிஇ அளவு, உடல் எடை இரண்டையும் அட்டவணையில் பார்த்து டோஸை முடிவு செய்கிறார்கள்.

உதாரணமாக, 50 கிலோ எடையும் 80 யூனிட் ஐஜிஇ-யும் உள்ளவருக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம். அதே எடையில் ஐஜிஇ 180 என்றால் 300 மில்லிகிராம். ஐஜிஇ 80-தான், ஆனால் எடை 100 கிலோ என்றாலும் 300. குப்பியில் வரும் மருந்தை ஓர் இடத்தில் 150 மில்லிகிராமுக்கு மேல் போடுவதில்லை என்பதால் 300-க்கு இரண்டு ஊசி. எடையும் ஐஜிஇ-யும் கூடக்கூட, 2 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருக்கும்.

ஐஜிஇ ஏறினால் பயம் வேண்டாம்

ஊசி ஆரம்பித்தபின் டெஸ்ட் எடுத்தால் ஐஜிஇ முன்பைவிட அதிகமாகக் காட்டும். மருந்தோடு ஒட்டிய ஐஜிஇ உடலைவிட்டு மெதுவாகவே வெளியேறும் என்பதே காரணம். அந்த எண்ணை வைத்து டோஸை மாற்றக் கூடாது. ஆனால் எடை கணிசமாக ஏறினாலோ இறங்கினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். டோஸ் மாறலாம்.

எல்லா ஆஸ்துமா ஊசிக்கும் இந்தக் கணக்கு இல்லை. மெபோலிசுமாப், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எடை எதுவானாலும் 4 வாரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம். பென்ராலிசுமாப் பெரியவர்களுக்கு 30 மில்லிகிராம். முதல் மூன்று டோஸ் 4 வார இடைவெளியில், பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை.

இன்ஹேலரைத் தூக்கிப் போடாதீர்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். இந்த ஊசிகள் திடீர் மூச்சுத்திணறலை நிறுத்தாது. அதற்கு அவசர இன்ஹேலர்தான். ஒமாலிசுமாபின் முழுப்பலன் தெரியவே சுமார் 16 வாரம் ஆகலாம். அதுவரை 'ஒன்றும் தெரியலையே' என்று ஊசியை நிறுத்துவதும், தெம்பு வந்ததும் ஸ்டீராய்டு மருந்துகளைச் சட்டென்று விடுவதும் ஆபத்து. எதையும் டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

ஊசி நாள் தவறிவிட்டதா? அடுத்த முறை சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கேளுங்கள். அபூர்வமாகக் கடுமையான அலர்ஜி வரலாம் என்பதால், ஊசி போட்டதும் கிளம்பாமல் டாக்டர் சொல்லும் நேரம்வரை மருத்துவமனையில் உட்காருங்கள். வீட்டுக்குப் போனபின் உடம்பில் தடிப்பு, நாக்கு அல்லது தொண்டை வீக்கம், தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.